திடல் யாருடையது?

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே ஆகும். நான் பல ஆண்டுகளாகக் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன். நானும் அவற்றையே பெரிதும் கற்பித்தேன். ஒருமுறை தேர்தல் முறைகளைப் பற்றிய பாடத்திற்காக லண்டன் மாநகரத்து உள்ளாட்சித் தேர்தல் முடிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஓரிடத்தில் என் விரல் நின்றுவிட்டது. 1990ஆம் ஆண்டு மே மாதம் கிரீனிச் நகர மன்றத்திற்கு நடந்த தேர்தல் அது. உலகத்துக் கடிகாரங்களுக்கெல்லாம் அடிப்படையான நெடுங்கோடு செல்லும் அதே கிரீனிச்தான். தொழிற்கட்சி, கன்சர்வேடிவ் கட்சி முதலிய பழகிய பெயர்களுக்கு நடுவே நான் கேள்விப்பட்டிராத ஒரு கட்சி இருந்தது. மன்றத்தின் 62 இடங்களுள் 60 இடங்களுக்கு அது வேட்பாளர்களை நிறுத்தியிருந்தது. 14,838 வாக்குகள் பெற்றிருந்தது. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 11 வாக்குகள். அக்கட்சியின் கோரிக்கை ஒன்றே ஒன்று. தங்கள் கால்பந்தாட்டக் கழகம் தன் பழைய திடலுக்குத் திரும்பி வருவதற்கு நகர மன்றம் இசைவு தரவேண்டும் என்பதே அது.

நம் நாட்டில் கழகம் என்ற சொல்லைக் கேட்டால் அரசியல் கட்சியே முதலில் நினைவுக்கு வரும். பந்தாட்டக் கழகம் ஒன்றின் அன்பர்கள் அரசியல் கட்சியாகவே மாறிய செய்தி எனக்கு வியப்பாக இருந்தது. இதனை வகுப்பில் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கழகத்திற்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். திடலுக்கும் உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். நுழைவுச் சீட்டு வாங்கி ஆட்டம் பார்ப்பவனுக்கு இதில் என்ன உரிமை?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அன்று நான் அவனுக்கு நிறைவான விடை கூறவில்லை. இக்கதையை முழுவதும் தேடிப் படித்தது அக்கேள்வியினால்தான்.

அக்கழகத்தின் பெயர் சார்ல்ட்டன் அத்லெட்டிக். லண்டனின் தென்கிழக்கே, தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி சார்ல்ட்டன். 1905ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் அங்கே ஒரு தெருவில் வாழ்ந்த சிறுவர்கள் சிலர் சேர்ந்து அக்கழகத்தைத் தொடங்கினர். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் தொடங்கிய கழகத்திற்கு நிலையான இடம் ஏது? சில ஆண்டுகளுக்குள் திடல் திடலாக மாறி மாறி ஆடினர். அக்காலத்தில் அப்பகுதியின் பெரிய கழகம் வூலிச் ஆர்சனல். வெடிமருந்துச் சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கழகம் அது. 1913ஆம் ஆண்டில் அதன் தலைவர், கூட்டம் போதவில்லை என்று கருதி, கழகத்தை ஆற்றைக் கடந்து வடலண்டனின் ஹைபரிக்குக் கொண்டு சென்றுவிட்டார். ஊர்ப் பெயரான வூலிச்சும் விரைவிலேயே உதிர்ந்து, ஆர்சனல் என்பது மட்டும் எஞ்சியது. எனவே, கழகம் ஊரை விட்டுப் போவது எப்படியிருக்கும் என்பதை அவ்வட்டாரத்து மக்கள் முன்பே ஒருமுறை கண்டவர்கள். அந்த வெற்றிடத்தில் வளர்ந்ததுதான் சார்ல்ட்டன்.

முதல் உலகப் போர் முடிந்த பின், 1919ஆம் ஆண்டில், கழகத்திற்கு ஓர் இடம் கிடைத்தது. அது திடல் அன்று. மணலும் சுண்ணாம்புக் கல்லும் தோண்டி எடுத்துக் கைவிடப்பட்ட ஒரு பெருங்குழி. விலை கொடுத்து வேலை வாங்கப் பணம் இல்லை. ஆகவே ஊர்மக்களே மண்வெட்டி எடுத்து வந்தனர். குழியின் அடியை ஆட்டத்திற்கேற்பச் சமன்செய்தனர். வெட்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாகக் குவித்து, நின்று பார்ப்பதற்குரிய சரிவுகளாக்கினர். பள்ளத்தில் அமைந்த திடலாதலின் அதற்குப் பள்ளத்தாக்கு எனப் பொருள்படும் 'வேலி' என்ற ஆங்கிலப் பெயர் வழங்கலாயிற்று. நம் செவிக்கு அது தோட்டத்து வேலியாகவும் ஒலிக்கிறது. காவலைக் குறிக்கும் அப்பொருளும் இக்கதைக்குப் பொருந்தாமற் போகவில்லை.

1923ஆம் ஆண்டில் கழகத்தார் கேட்ஃபோர்டு என்னும் இடத்திற்குப் பெயர்ந்து ஒரு பருவம் ஆடிப் பார்த்தனர். கூட்டம் பின்தொடரவில்லை. மறு ஆண்டே குழிக்குத் திரும்பினர். இச்சிறு நிகழ்ச்சியைப் பின்னால் வந்த உரிமையாளர்கள் நினைவில் வைத்திருந்தால் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்திராது.

1930களில் மர வாணிகம் செய்த கிளிக்ஸ்டன் குடும்பத்தினர் கழகத்தை வாங்கினர். ஜிம்மி சீடு என்பவர் மேலாளராக வந்தார். அதன்பின் கழகம் கண்ட உயர்வு பந்தாட்ட வரலாற்றில் அரிது. 1935இல் மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவு. 1936இல் முதற் பிரிவு. 1937இல் முதற் பிரிவிலேயே இரண்டாம் இடம். 1938ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லாவுடன் ஆடிய எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தைக் காண அத்திடலில் 75,031 பேர் கூடினர். மக்கள் தம் கையால் குவித்த மண்சரிவின்மேல் அன்று மக்களே நின்றனர். 1947இல் அக்கோப்பையையும் வென்றனர்.

அக்காலத்து வீரர்களுள் கோல் காப்பாளர் சாம் பார்ட்ரமைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1937ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் செல்சி கழகத்தின் திடலில் ஆட்டம் நடந்தபோது கடும்பனி மூடியது. ஆட்டம் நிறுத்தப்பட்டு எல்லாரும் வெளியேறினர். அது தெரியாத பார்ட்ரம், தம் அணியினர் எதிர்முனையில் பந்தை வைத்து நெருக்கிக்கொண்டிருப்பதாக எண்ணி மகிழ்ந்து, நெடுநேரம் தனியே கோலைக் காத்து நின்றார். இறுதியில் காவலர் ஒருவர் பனியிலிருந்து தோன்றி, ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது என்று கூறினாராம். இதனை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆளில்லாத திடலைக் காத்து நிற்கும் வழக்கம் சார்ல்ட்டனில் அவரோடு தொடங்கியது போலும்.

சீடு 1956இல் நீக்கப்பட்டார். 1957இல் கழகம் முதற் பிரிவிலிருந்து இறங்கியது. பின்னர் வந்த இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. கூட்டம் குறைந்தது, படிகளில் புல் முளைத்தது, செப்பனிடப் பணம் செலவிடுவார் இல்லை.

துன்பத்தின் விதை 1982இல் விழுந்தது. அவ்வாண்டு கிளிக்ஸ்டன் குடும்பத்தார் கழகத்தை வேறொருவருக்கு விற்றனர். ஆனால் திடலை விற்கவில்லை. இங்கே மாணவர்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும். அதுவரை மக்கள் மனத்தில் கழகமும் திடலும் உடலும் உயிரும் போல ஒன்று. சட்டத்தின் கண்ணிலோ அவை இரண்டு சொத்துக்கள். தனித்தனியே விற்கலாம், வாங்கலாம். புதிய உரிமையாளர் பெரும் பணம் கொடுத்து, ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என 1977இல் பரிசு பெற்ற ஆலன் சைமன்சனை அழைத்து வந்தார். புகழ் வந்தது, கடனும் வந்தது. 1984ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீதிமன்றம் கழகத்தைக் கலைக்கும் நிலை ஏற்பட்டது. கடைசி நேரத்தில் வணிகர் குழு ஒன்று முன்வந்து, புதிய நிறுவனமாக்கிக் கழகத்தைக் காப்பாற்றியது. திடல் மட்டும் பழைய உரிமையாளரிடமே இருந்தது. கழகம் தன் வீட்டிலேயே வாடகைக்குடி ஆயிற்று.

1985ஆம் ஆண்டு மே மாதம் பிராட்ஃபோர்டு நகரத்துத் திடலில் மரத்தாலான பார்வையாளர் கூடம் தீப்பற்றி 56 பேர் மாண்டனர். அதன்பின் நாடெங்கும் பழைய திடல்கள் கடுமையாகச் சோதிக்கப்பட்டன. மண்ணால் எழுந்த கிழக்குச் சரிவு பாதுகாப்பற்றது என்று மாநகர ஆட்சியினர் மூடச் செய்தனர். மேற்குப் புறத்தில் திடலின் சொந்தக்காரர் தம் நிலத்தின் ஒரு பகுதியைத் தமக்கு வேண்டுமென்று கேட்டார். இருபுறமும் நெருக்குண்ட கழகத்தார், இடம் பெயர முடிவு செய்தனர். அவர்களிடம் நியாயமே இல்லை என்று நான் கூறமாட்டேன். ஆனால் அதனை அறிவித்த முறைதான் மக்கள் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. செப்டம்பர் 7ஆம் நாள் கிரிஸ்டல் பேலஸ் கழகத்தோடு ஆட்டம். நுழைவாயிலில் வந்தவர் கையிலெல்லாம் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுக்கப்பட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் வேலித் திடலில் கடைசி ஆட்டம். அதன்பின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஆடுவோம் என்பது அதன் செய்தி. செல்ஹர்ஸ்ட் பார்க், அன்று எதிரே ஆடவந்திருந்த அந்தக் கிரிஸ்டல் பேலஸ் கழகத்தின் திடலேயாகும்! 66 ஆண்டுகளுக்கு முன் தங்கள் தாத்தாமார் மண் சுமந்து கட்டிய இடத்திலிருந்து வெளியேறுகிறோம் என்பதை மக்கள் ஒரு காகிதத்துண்டைப் படித்து அறிந்துகொண்டனர். ஒருவரையும் முன்னர்க் கேட்கவில்லை.

செப்டம்பர் 21ஆம் நாள் ஸ்டோக் சிட்டி கழகத்தை 2-0 என்று வென்ற ஆட்டமே கடைசி ஆட்டம். செல்ஹர்ஸ்ட் பார்க் அங்கிருந்து ஏறத்தாழ 8 மைல். வரைபடத்தில் சிறு தொலைவுதான். தென்லண்டனில் குறுக்காகச் செல்லப் பாதை நேராக இல்லை என்பதொன்று. போட்டிக் கழகத்தின் வீட்டில் விருந்தாளியாக நின்று தம் அணியை வாழ்த்த வேண்டியிருந்தது என்பது மற்றொன்று. பலர் போக மறுத்தனர். வியப்பு என்னவென்றால், 1986இல் கழகம் மீண்டும் முதற் பிரிவுக்கு உயர்ந்தது. நான்கு பருவங்கள் அங்கே நிலைத்தும் நின்றது. வெற்றி வந்தால் வருத்தம் மறைந்துவிடும் என்று உரிமையாளர்கள் எங்கும் நினைப்பதுண்டு. சார்ல்ட்டனில் மறையவில்லை. வெறும் வேலித் திடலில் களை வளர்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கதவிடுக்கு வழியே எட்டிப் பார்த்துவிட்டுச் சென்றனர் என்று படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அவர்கள் வெறுமனே வருந்திக்கொண்டிருக்கவில்லை என்பதே இக்கதையின் சிறப்பு. 1988ஆம் ஆண்டில் ரிக் எவரிட் முதலிய இளைஞர்கள் 'வேலியின் குரல்' என்னும் ஏட்டைத் தொடங்கினர். ரசிகர்களே எழுதி, அச்சிட்டு, திடலின் வாயிலில் நின்று விற்ற ஏடு அது. வசைமொழி எழுதுவது எளிது. இவர்களோ நிலத்தின் உரிமை யாரிடம், குத்தகை என்ன, கட்டட விதி என்ன என்று துருவி ஆராய்ந்து எழுதினர். வட்டாரச் செய்தித்தாள் ஒன்று வேண்டுகோள் பத்திரத்தில் ஆயிரக்கணக்கானவர் கையொப்பம் திரட்டியது. இதற்குள் ரோஜர் ஆல்வென் என்பவர் கழகத்தின் தலைவரானார். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் திடலை விலைக்கு வாங்கினர். கழகமும் திடலும் மீண்டும் ஒரு கையில் சேர்ந்தன. 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், வூலிச் நகர மண்டபத்தில் மக்கள் திரண்டிருந்த கூட்டத்தில், வேலித் திடலுக்குத் திரும்புவோம் என்று அறிவிக்கப்பட்டது. முன்பு செய்தி துண்டுக் காகிதத்தில் வந்தது. இம்முறை மக்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லி விளக்கத் தேவையில்லை.

அடுத்த மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு. கத்தரிக்கோல், அரிவாள், மண்வெட்டி, தள்ளுவண்டி ஆகியவற்றோடு ஆயிரக்கணக்கானோர் திடலுக்கு வந்தனர். நான்காண்டுக் களையையும் முட்செடியையும் வெட்டிக் குவித்து ஆட்டத் திடலின் நடுவிலேயே தீ மூட்டினர். 1919இல் நடந்தது மறுபடியும் நடந்தது. கூலி பெறாமல் ஒரு தலைமுறை தோண்டிய இடத்தை, கூலி பெறாமல் மற்றொரு தலைமுறை துலக்கியது.

ஆனால் தடை வேறிடத்திலிருந்து வந்தது. திடலைப் புதுப்பிக்கும் திட்டத்தில், செலவை ஈடுகட்டுவதற்காக அலுவலகக் கட்டடங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. அக்கம்பக்கத்தில் குடியிருந்தோர் சிலர் கூட்டத்தையும் போக்குவரத்தையும் அஞ்சினர். 1990ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், மண்டபம் நிரம்பிய ரசிகர்களின் முன்னிலையில், நகர மன்றத்தின் திட்டக் குழு அனுமதி மறுத்தது. ஆதரித்தவர் இருவரே. வாசல் வரை வந்த கழகத்தை, வாசலிலேயே நிறுத்திவிட்டனர்.

இந்த இடத்தில்தான் 'வேலிக் கட்சி' பிறந்தது. மே மாதம் நகர மன்றத் தேர்தல் வரவிருந்தது. ரசிகர்கள் சிலர் கூடி, வேட்பாளர்களைத் தாமே நிறுத்துவதென்று முடிவு செய்தனர். அரசியல் அனுபவம் உடையவர் அவர்களுள் மிகச் சிலரே. விளம்பரத் தொழில் தெரிந்தவர்கள் இருந்தனர். அவர்கள் வரைந்த பெரிய சுவரொட்டிகள் சாலையோரமெல்லாம் நின்று ஊரைத் திரும்பிப் பார்க்கச் செய்தன. 62 இடங்களுள் ஏன் 60க்கு மட்டும் போட்டியிட்டனர் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது: திட்டத்தை ஆதரித்து வாக்களித்த அந்த இருவரை எதிர்த்து அவர்கள் ஆள் நிறுத்தவில்லை! பகையிலும் இப்படியொரு நேர்மை. தேர்தலில் ஓரிடமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் திட்டக் குழுவின் தலைவர் தம் இடத்தை இழந்தார். 14,838 வாக்குகள் என்ற எண்ணை மற்றவர்கள் மறக்க முடியவில்லை. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், திருத்திய திட்டத்திற்கு அனுமதி கிடைத்தது.

அதன் பின்னும் கழகம் உடனே திரும்ப முடியவில்லை, பணம் தீர்ந்துபோயிற்று. ரசிகர்கள் சேமிப்பிலிருந்து ஒரு முதலீட்டுத் திட்டத்தில் பணம் போட்டனர். பத்து இலட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. அவர்கள் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இயக்குநர் குழுவில் அமர்ந்தார். 1992 டிசம்பர் 5ஆம் நாள், ஏழாண்டுக்குப் பின், வேலித் திடலில் ஆட்டம் நடந்தது. எதிரணி போர்ட்ஸ்மத். ஏழாம் நிமிடத்தில் காலின் வால்ஷ் ஒரு கோல் போட்டார். அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. வந்திருந்தவர் 8,337 பேர். 75,031 எங்கே, 8,337 எங்கே என்று கேட்கலாம். அன்று அதற்குமேல் ஒருவரை அமர்த்தவும் அங்கே இடமில்லை.

கழகம் நாடோடியாய் இருந்த ஏழாண்டில் அதற்குத் தங்க இடம் கொடுத்த திடல்கள் இரண்டு. அவ்விரண்டின் கதையும் சுவையானது.

1991இல் சார்ல்ட்டன் செல்ஹர்ஸ்ட் பார்க்கை விட்டு வெளியேறியபோது, அங்கே புதிய வாடகைக்குடியாக விம்பிள்டன் கழகம் வந்தது. 1988இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கழகம் அது. தற்காலிகம் என்று தொடங்கிய குடியிருப்பு பத்தாண்டுக்கு மேல் நீண்டது. பின்னர் உரிமையாளர்கள், ஏறத்தாழ 60 மைல் தொலைவிலுள்ள மில்ட்டன் கீன்ஸ் என்னும் புதுநகருக்குக் கழகத்தைக் கொண்டு செல்ல விரும்பினர். 2002ஆம் ஆண்டு மே மாதம் மூவர் குழு ஒன்று, இருவர் ஆதரிக்க ஒருவர் மறுக்க, அதற்கு இசைவு தந்தது. ரசிகர்கள் சில நாட்களுக்குள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்னும் புதுக் கழகத்தைத் தொடங்கினர். பொதுத்திடல் ஒன்றில் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து, கீழ்ப்படியிலிருந்து ஏறத் தொடங்கி, 2011இல் கால்பந்தாட்ட லீக்கிற்குள் நுழைந்தனர். 2020 நவம்பரில் தங்கள் பழைய பிளவ் சந்திலேயே, முன்பிருந்த இடத்துக்கு அருகில், சொந்தத் திடலில் ஆடினர். பெயரையும் பதிவுச் சான்றையும் எடுத்துச் செல்ல முடிந்தது. ரசிகர்களை எடுத்துச் செல்ல முடியவில்லை.

மற்றொரு திடல் அப்டன் பார்க். ஆற்றுக்கு வடக்கே கிழக்கு லண்டனில் வெஸ்ட் ஹாம் கழகத்தின் வீடு. அங்குள்ள கிரீன் தெருவும் அதனை அடுத்த ஈஸ்ட் ஹாமும் இந்திய மக்களுக்கும் இலங்கைத் தமிழர்க்கும் நன்கு பழகிய இடங்கள். 1991-92ஆம் பருவத்தில் சார்ல்ட்டன் அங்கே வாடகைக்கு ஆடியது. அதே பருவத்தில்தான் வெஸ்ட் ஹாமின் உரிமையாளர்கள், பார்வையாளர் கூடங்களைப் புதுப்பிக்கும் செலவுக்காக ஒரு பத்திரத் திட்டத்தைக் கொண்டுவந்தனர். பருவச் சீட்டு வாங்கும் உரிமைக்காகவே ரசிகர்கள் 500 பவுன் முதல் 975 பவுன் வரை கட்டவேண்டும். சீட்டின் விலை அதற்கு வேறு! ஊரே கொதித்தது. எவர்ட்டனுடன் நடந்த ஆட்டத்தில் ரசிகர் ஒருவர் திடலில் இறங்கி, மூலைக்கொடியைப் பிடுங்கிக்கொண்டு நடுவட்டத்தில் போய் அமர்ந்தார். பத்திரத்தை வாங்கியோர் மிகச் சிலரே.

தேம்ஸ் இரும்பாலைத் தொழிலாளர் 1895இல் தொடங்கிய அக்கழகம் 1904 முதல் அப்டன் பார்க்கில் ஆடியது. 1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பை வென்ற அணியின் தலைவர் பாபி மூரும், இறுதி ஆட்டத்தில் நான்கு கோல்களையும் போட்ட ஜெஃப் ஹர்ஸ்ட், மார்ட்டின் பீட்டர்ஸ் இருவரும் இக்கழகத்தார். இதனைவிட ஒரு திடலுக்கு என்ன பெருமை வேண்டும்? ஆயினும் 2010இல் வந்த உரிமையாளர்கள், 2012 ஒலிம்பிக் போட்டிக்காகக் கட்டிய அரங்கத்தைக் குறிவைத்தனர். வழக்குகளுக்கும் மறுப்புகளுக்கும் பின் 2013இல் உடன்பாடு ஏற்பட்டது: 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு 25 இலட்சம் பவுன் வாடகை. அரங்கத்தை மாற்றியமைக்கும் செலவு 32 கோடிப் பவுனுக்கு மேல் ஏறியது. அதில் கழகத்தின் பங்கு 1.5 கோடி, மீதியின் பெரும்பாகம் பொதுப்பணம். கணக்களவில் இதனைவிட நல்ல பேரம் எவருக்கும் கிடைத்திராது. 35,000 பேர் பார்த்த இடத்தில் 60,000 பேர் பார்க்கலாம். பெரிய கழகங்களோடு தோள் கொடுத்து நிற்கலாம் என்று மக்களுக்குச் சொன்னார்கள்.

2016 மே 10ஆம் நாள் அப்டன் பார்க்கில் கடைசி ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என வென்றனர். புதிய அரங்கம் அங்கிருந்து மூன்று மைலுக்கும் குறைவு. சார்ல்ட்டன் ரசிகர்கள் 8 மைலுக்கு வருந்தினர்; இவர்களுக்கு மூன்று மைல் ஒரு தொலைவா என்று நானும் முதலில் எண்ணினேன். பிறகுதான் காரணம் புலப்பட்டது. அது ஓட்டப்பந்தயத்திற்காகக் கட்டிய அரங்கம். சுற்றிலும் ஓடுபாதை. இருக்கைகள் ஆட்டத்திலிருந்து விலகி, சரிவும் குறைந்து, எட்டி எட்டிப் பார்க்க வேண்டியனவாய் இருந்தன. அப்டன் பார்க்கிலோ முன்வரிசைக்காரன் ஆட்டக்காரனின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டிருப்பான். பக்கத்தில் பல ஆண்டு நின்றவர்கள் பிரிந்து வெவ்வேறு மூலைகளில் அமர்ந்தனர். ஆட்டத்துக்கு முன் சந்திக்கும் கடை இல்லை, தெரு இல்லை. சொன்ன உயர்வும் வரவில்லை. பழைய திடல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. சார்ல்ட்டன் மக்களுக்குக் களை மூடிய திடலாவது எஞ்சியிருந்தது. திரும்புவோம் என்று சொல்ல முடிந்தது. வெஸ்ட் ஹாம் மக்களுக்குத் திரும்ப இடமே இல்லை. அவர்கள் சினம் அத்தனை கசப்பாக இருந்ததற்கு இதுவே அடிக்காரணம் என்பது என் கருத்து.

2018 மார்ச்சு 10ஆம் நாள் பர்ன்லி கழகத்திடம் 0-3 எனத் தோற்றுக்கொண்டிருந்தபோது அது வெடித்தது. சிலர் திடலில் இறங்கினர். நூற்றுக்கணக்கானோர் இயக்குநர் மாடத்தின் கீழே திரண்டு, உரிமையாளர்களை நோக்கிக் கூச்சலிட்டனர். அவர்கள் மாடத்தை விட்டு வெளியேறினர். பழைய ஆட்டக்காரர் டிரெவர் புரூக்கிங் மட்டும் தம் இருக்கையில் அசையாமல் அமர்ந்திருந்தார். அஞ்சிய குழந்தைகள் சிலருக்கு எதிரணியான பர்ன்லியினர் தம் மாற்றாட்டக்காரர் இருக்கையில் இடம் கொடுத்தனர். அதற்கிடையே ஒரு மனிதர் மூலைக்கொடியைப் பிடுங்கி நடுவட்டத்திற்குச் சென்று நட்டு நின்றார். 1992இல் நடந்த அதே செயல். அப்பன் செய்ததை மகன் செய்வது போல. வன்முறையை நான் ஆதரிக்கவில்லை. அன்று சிலர் நடந்துகொண்ட விதம் வெட்கத்துக்குரியது. எனினும், வாக்குச் சீட்டைக் கையில் எடுத்த கிரீனிச் மக்களையும் கொடிக்கம்பைக் கையில் எடுத்த இம்மனிதரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒருவருக்குக் கேட்பதற்கு ஒரு மன்றம் இருந்தது. மற்றவருக்குக் கேட்பார் யார்?

2023 ஜூன் மாதம் பிராக் நகரில் வெஸ்ட் ஹாம் ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்றது. 1965க்குப் பின் அவர்கள் வென்ற முதல் பெரிய ஐரோப்பியக் கோப்பை. கிழக்கு லண்டன் தெருக்கள் நிரம்பின. அன்று யாவரும் மகிழ்ந்தனர்; அது உண்மை.

சார்ல்ட்டனுக்குத் திரும்புகிறேன். வேலித் திடல் படிப்படியாக வளர்ந்து 27,000 பேர் அமரும் அரங்கமாயிற்று. 1998இல் கழகம் பிரிமியர் லீகிற்கு உயர்ந்தது. 2005இல் வாயிலில் சாம் பார்ட்ரமுக்குச் சிலை வைத்தனர். இப்போது அவர் பனியிலும் வெயிலிலும் நின்று காக்கிறார். 2014இல் பெல்ஜியம் நாட்டுச் செல்வர் ஒருவர் கழகத்தை வாங்கினார். அவரோடு ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் கழகத்தை விற்றார். என் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை எழுத முயன்றுகொண்டிருந்த நாட்களில்தான் அச்செய்தியைப் படித்தேன். விற்பனைப் பத்திரத்தில் கழகம் இருந்தது. வேலித் திடல் இல்லை. அதனை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டு குத்தகைக்கு விட்டார். 1982ஐ மறவாத முதியவர்கள் அவ்வூரில் பலர். புதிய ஆட்டக்காரர் யார் என்பதைவிட, குத்தகை எத்தனை ஆண்டு என்பதே அவர்களுக்குப் பெருங்கவலையாயிற்று.